மஞ்சள் நீர் ராத்திரியை வாசிக்கிறவர்களுக்கு விடுங்கள்

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை வட்டாரத்து நோம்பிக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், ராப்பகலாக ஃப்ளெக்ஸ் கட்டும் தம்பிமார்களுக்கும்:

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதியவன். ரசீது புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றால் பேரம் பேசாமல் வரி கொடுக்கிறவன். அந்த உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த நோம்பியில் கடைசி நாள் பொழுதை, மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகு வருகிற அந்தப் பொழுதை, ஆர்கெஸ்ட்ராவுக்கும் டீஜேக்கும் கொடுக்காதீர்கள். துடும்பும் தவிலும் நாகஸ்வரமும் பேண்டு வாத்தியமும் வாசிக்கிறவர்களுக்கே விட்டுவிடுங்கள். என்ன வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது, யாரோடு யார் சேர்வது என்பதெல்லாம் அவர்கள் பாடு.

"ஏனுங்க, பூச்சாட்டு அன்னைக்கிருந்து அவங்கதானுங்களே அடிக்கறாங்க" என்பீர்கள். அடிக்கிறார்கள்தான். முக்கிளைக் கம்பத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி நட்ட ராத்திரியிலிருந்து ஓயாமல் அடிக்கிறார்கள். முதல் சில ராத்திரிகளில் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களுக்குக் கால் வராது, அடிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒரே அடியை மாற்றாமல் வெகுநேரம் அடித்து, வட்டம் ஒரு சீருக்கு வந்த பிறகுதான் அவர்களில் ஒருவர் மெல்ல ஒரு தட்டை இடம் மாற்றிப் போடுவார். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் அவர்களுக்கு ஒத்திகை. அடுத்த சுற்றில் இருவரும் புது இடத்துக்குப் போயிருப்பார்கள். மூன்றாமவர் போக மாட்டார், பழைய அடியிலேயே நிற்பார். அவர் நிற்பதால்தான் மற்ற இரண்டு பேரும் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிகிறது.

ஆனால் அந்த வாசிப்பு முழுக்க வேறு எதற்கோ ஊழியம். சாமி வந்தவருக்கு ஓர் அடி, மாவிளக்கு ஊர்வலத்துக்கு ஓர் அடி, பூவோடு எடுப்பவர் நடைக்கு ஓர் அடி, யாராவது பெரிய மனிதர் காரில் வந்து இறங்கினால் அதற்கும் ஓர் அடி. நன்றாக ஏறி வருகிற நேரம் பார்த்துக் கமிட்டி மைக் கரகரக்கும். அன்னதான உபயதாரர் பேரை வாசித்தாக வேண்டும். கடைசி நாள் வரும்போதுதான் நீங்கள் மேடை போடுகிறீர்கள். மேடையில் கீபோர்டும் சினிமாப் பாட்டும் நிற்கும். இத்தனை நாள் அடித்தவர்கள் கணக்கு முடித்து வாங்கக் கமிட்டி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்கள்.

இது எனக்கும் ஒரு காலத்தில் உறுத்தியதில்லை. உறுத்த வைத்தது சென்னையில் கழித்த ஒரு மாலை. என் மச்சினன் மகன் அங்கே வேலையில் இருக்கிறான். ஜாஸும் பரிசோதனை இசையும் சேர்ந்த ஒரு சிறிய விழா, இன்று கடைசி நாள், வாங்க மாமா என்று இழுத்துப்போனான். சின்ன அரங்கு, தரையில் பாய். ஒருவர் சாக்ஸபோனை வாயில் வைத்தார், ஆனால் சுரம் எதுவும் வரவில்லை. வெறும் மூச்சை உள்ளே விட்டார், விரலால் சாவிகளைத் தட்டினார், அவ்வளவுதான். இன்னொருவர் டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டை வயலின் வில்லால் இழுத்தார், பல் கூசியது. பையன் பாட்டைக் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிப் பேர் எழுந்து போனார்கள். நானும் எழுந்திருப்பேன், வெளியே மழை.

கடைசிச் சுற்றுக்கு, முந்தைய நாட்களில் வாசித்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். முன்னால் தாள் இல்லை. யாரும் கை காட்டவில்லை. பெரிய பாஸ் வயலினை நிறுத்தி வைத்திருந்தவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், நம் ஒத்துக்காரர் நிற்பாரே அப்படி. அதன் மேல் சாக்ஸபோன் ஏறியது. இப்போது அது மூச்சு விடவில்லை, அழுதது, அதட்டியது, சட்டென்று நின்று மற்றவர்களைக் கவனித்தது. டிரம்ஸ்காரர் ஒரு தட்டை இடம் மாற்றிப் போட்டார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அட, கம்பத்தடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மணி திரும்பி முறைத்தார். எப்போது முடியும் என்று வாசித்தவர்களுக்கே தெரியாது. முடிந்தபோது எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள்.

கடைசி நாளுக்கு ஒரு குணம் இருக்கிறதுங்க. வேடிக்கைக்கு வந்தவர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள். வாசிக்கிறவர்கள் பல நாள் ஒருவரை ஒருவர் கேட்டிருப்பார்கள், யார் எங்கே விடுவார், எங்கே பிடிப்பார் என்பது காதில் ஏறியிருக்கும். நிரூபிக்க வேண்டியது ஒன்றும் பாக்கி இருக்காது. தஞ்சாவூர்ச் சீமைக் கோயில்களில் இதை அறிந்துதான் விடையாற்றி என்று வைத்தார்கள். பெருந்திருவிழா முடிந்து சாமி இளைப்பாறுகிற நாட்களில் நாகஸ்வர, தவில் வித்வான்களுக்குக் கச்சேரி. வீதியுலாவில் நடந்துகொண்டே வாசித்தவர்கள் அன்றைக்கு உட்கார்ந்து வாசிப்பார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் விரித்தார் என்று இன்றைக்கும் பேசுகிறார்களே, அவ்வளவு நேரத்தை அவருக்குக் கொடுத்தது சபா அல்ல, கோயில் ராத்திரி. நம் கொங்கு நோம்பியில் அந்த வழக்கம் இல்லை. நமக்குக் கடைசி நாள் என்றால் மஞ்சள் தண்ணீர், முறைமாமனைத் துரத்துவது, கறிச்சோறு. அதையெல்லாம் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிற சாயங்காலத்தை மட்டும்தான் கேட்கிறேன்.

ஜாஸ் என்றதும் கோட்டுப் போட்டவர்கள் ஓட்டலில் கேட்கும் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் ஊரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் பேண்டு வாத்தியத்தைக் கையில் எடுத்து உண்டாக்கியது. சாவு ஊர்வலம் அதன் பெரிய பள்ளிக்கூடம். இடுகாடு போகும்வரை மெதுவாக, கனமாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே பேண்டு துள்ளலுக்கு மாறும், பின்னால் ஊர் ஆடிக்கொண்டு வரும். நம்மூரில் சாவுக்கு அடிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடி மாறுகிற இடம் எது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஊரில் காங்கோ சதுக்கம் என்று ஒரு திடல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி மேளம் கொட்டி ஆட விடப்பட்ட இடம். 1970-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவைத் தொடங்கியபோது அந்தத் திடலில்தான் நடத்தினார்கள். மஹாலியா ஜாக்சன் வந்து பாடினார்.

இந்த இடத்தில் சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டால் நேரில் பேசிக்கொள்ளலாம். துடும்பும் தப்பட்டையும் அடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் தெருவிலிருந்து வருகிறார்கள். நோம்பி முழுக்கத் தரையில் நின்று அடிக்கிறார்கள். நாகஸ்வரக்காரருக்குக் கொடுக்கிற துண்டும் இவர்களுக்குக் கொடுக்கிற துண்டும் ஒன்றல்ல, கொடுக்கிற விதமும் ஒன்றல்ல. செண்டை மேளம் பாலக்காட்டிலிருந்து வந்தால் பேசிய தொகை, தனி வண்டி, தனிச் சாப்பாடு. உள்ளூர் மேளத்துக்குப் "பார்த்துச் செய்யறமுங்க". எனக்குச் செண்டை மேலே விரோதம் ஒன்றுமில்லை. அந்தக் கூட்டு வாசிப்பின் ஒழுங்கு நாம் கற்க வேண்டியது. ஆனால் வருஷா வருஷம் ஒரே கேள்வி வருகிறது: "பசங்க ஏனுங்க இந்தத் தொழிலுக்கு வர்றதில்ல?" மேடை இல்லாத இடத்துக்கு எந்தப் பையன் வருவான்?

சிகாகோவில் கறுப்பின இசைக்காரர்களுக்கும் இதே கதைதான். வாசிக்க இடமில்லை, கேட்கிற பாட்டை வாசித்தால்தான் காசு. 1965-இல் அவர்கள் தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கச்சேரியைத் தாங்களே ஏற்பாடு செய்வது, அதில் தங்கள் சொந்த இசையைத்தான் வாசிப்பது என்பது ஏற்பாடு. முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் என்ற பியானோக்காரர் முன்னின்றார். அந்தச் சங்கத்திலிருந்து வந்த ஆர்ட் ஆன்சாம்பிள் குழுவினர் மணி, சீழ்க்கை, பொம்மைக் கொம்பு வரைக்கும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு உலகத்தில் பரிசோதனை இசை என்று எங்கே விழா நடந்தாலும் அவர்கள் பேர் வராமல் போகாது. நம்மூரில் சங்கம் தொடங்குவது வாசிக்கிறவர்கள் வேலை. திடலும் மேடையும் உங்கள் கையில் இருக்கிறது.

சாக்ஸபோன் வெளிநாட்டு வாத்தியம் என்று ஒருவரும் ஆரம்பிக்க வேண்டாம். நம் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு அதைத்தான் இப்போது ஊதுகிறார்கள். அதற்குக் காரணமானவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்து நாகஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கமகம் பிடிக்காத அந்தப் பித்தளைக் குழாயைப் பல வருஷம் போராடிக் கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்தார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம். 'டூயட்' படத்தில் நீங்கள் கேட்டு உருகியது அவர் வாசிப்புதான். ஆனால் 1994-இல் வந்த அந்தப் படத்துக்கு ரொம்ப முன்னால் அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு ஜாஸ் விழா. பம்பாயில் நிரஞ்சன் ஜாவேரி என்பவர் முன்னின்று 1978-இல் 'ஜாஸ் யாத்ரா' என்று தொடங்கினார். முதல் விழாவுக்கே சாக்ஸபோன் பெருந்தலை சன்னி ரோலின்ஸ் வந்தார். 1980-இல் பம்பாய் ஜாஸ் மேடையில் கத்ரி வாசித்தபோது கலிஃபோர்னியாக்காரர் ஜான் ஹேண்டி கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சாக்ஸபோன்காரர். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், நாம் சேர்ந்து வாசிப்போமா என்று தானே கேட்டு மேடையில் சேர்ந்துகொண்டார். நாலு சுவருக்குள் பேசி முடித்த நிகழ்ச்சி நிரலாக இருந்தால் அது நடந்திருக்காது. இடையில் ஒருவர் ஏறி உட்கார இடம் விட்டிருந்தார்கள்.

அதற்கும் முன்னால், 1958-இல், அமெரிக்க அரசு டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவை நாடு நாடாக அனுப்பியது. ரஷ்யாவோடு மல்லுக்கட்டிய காலம், பாட்டும் ஒரு தூது. மதராஸில் அவர்களுடைய டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்துக்கு எதிரே உட்கார்ந்து சேர்ந்து வாசித்தார். இருவருக்கும் பொதுவான பாஷை எண்ணிக்கை ஒன்றுதான். மறு வருஷம் புரூபெக் குழு வெளியிட்ட 'டைம் அவுட்' தட்டில் ஐந்து எண்ணிக்கையில் ஓடும் 'டேக் ஃபைவ்' என்ற உருப்படி உலகத்தையே ஆட்டிவைத்தது. அமெரிக்கர்கள் ஐந்தை எண்ணி வியந்தார்கள். தவில் படிக்கிற நம் பையன் அதே ஐந்தை, கண்ட நடையைக் கொன்னக்கோலில் சொல்லிவிட்டுத்தான் காலையில் பள்ளிக்கூடம் போகிறான்.

"பழசை மாத்தக் கூடாதுங்க, சாமி காரியம்" என்று சொல்லும் அப்பாருகளுக்கு ஒரு வார்த்தை. நம் வட்டாரத்து பத்ரப்பன் அய்யாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, எதற்கு? வள்ளி ஒயில் கும்மியைக் கட்டிக் காத்ததற்கு மட்டுமல்ல. ஆண்கள் மட்டும் ஆடிவந்த ஆட்டத்துக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுத்ததற்கும்தான். அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நோம்பிக்கு நோம்பி ஒரே நிறச் சேலையில் உங்கள் வீட்டுப் பெண்கள் ஆடுகிறார்களே, அது இல்லை. அதைப் பரிசோதனை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. செய்தார், வள்ளியும் முருகனும் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

மாலை 4 மணிக்கு ஆரம்பியுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியமும் திறந்த வெளியில் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விழாக்காலத்தில் 12 மணி வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு. வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகாது. அந்தத் தளர்வை நம்பி ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். ஆறு மணி நேரம் தாராளம். இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கலாம், மூடிய இடத்துக்கு விதி இடம் கொடுக்கிறது. ஆனால் எனக்கு மண்டபத்தில் விருப்பமில்லை. டைல்ஸ் சுவரில் துடும்பு எதிரொலித்தால் காது போய்விடும்.

யாரைக் கூப்பிடுவது? உங்கள் நோம்பிக்கு அடித்தவர்களை முதலில். கோயில் நாகஸ்வரம், தவில். கிளாரினெட் வாசிக்கத் தெரிந்த பேண்டுக்காரர் எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார், கல்யாணத்துக்குச் சினிமாப் பாட்டு ஊதி ஊதி அலுத்துப்போயிருப்பார், அவரை. மலையடிவாரத்து இருளர் ஊர்களில் குழலும் மேளமும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காட்சிப் பொருளாக நடத்தாமல், வண்டி அனுப்பி, தொகை பேசி, விருந்தாளியாக அழைக்க வேண்டும். வர இஷ்டமில்லை என்றால் விட்டுவிட வேண்டும். உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர் கிடைத்தால் பாட்டைக் கூட அப்புறம் பார்க்கலாம், அந்த உடுக்கையும் குரலும் போதும்.

இவர்களை எப்படிச் சேர்ப்பது என்று குழம்ப வேண்டாம். லண்டனில் டெரக் பெய்லி என்ற கிதார்க்காரர் 1977-இலிருந்து 'கம்பெனி வீக்' என்று வருஷா வருஷம் நடத்திவந்தார். முன்பின் சேர்ந்து வாசித்திராதவர்களை அழைத்து, அன்றன்றைக்கு யார் யாரோடு என்று இரண்டு பேர், மூன்று பேராகப் பிரித்து மேடையில் விட்டுவிடுவார். பாட்டும் இல்லை, ஒத்திகையும் இல்லை. சில சேர்க்கை தேறாது, சில சேர்க்கையை ஆயுசுக்கும் மறக்க முடியாது. நமக்கு இதைவிட நல்ல வழி கோயிலிலேயே இருக்கிறது. திருவுளச் சீட்டு. வாசிக்கிறவர்கள் பேரை எழுதிப் போட்டுச் சின்னக் குழந்தை ஒன்றை மூன்று சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். அந்த மூவர் அரை மணி. அடுத்த மூவர் அரை மணி. நாகஸ்வரத்துக்கும் கிளாரினெட்டுக்கும் சுருதி சேராதே என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். சேராது. சேராத இடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறோம். கடைசி ஒரு மணி நேரம் எல்லோரும் ஒன்றாக.

தொகை, போன வருஷம் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்தது எதுவோ அது. ஒரு ரூபாய் குறையக் கூடாது, எல்லோருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும், மேடை ஏறும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். பந்தியில் ஒரே வரிசை. ஒவ்வொருவர் பேரையும் ஊரையும் மைக்கில் சொல்ல வேண்டும், 'மேளக் குழுவினர்' என்று மொத்தமாகச் சொல்லி முடிக்கக் கூடாது. வாசிக்கும்போது சால்வை போடுகிறேன் என்று யாரும் மேடை ஏறக் கூடாது. நேயர் விருப்பச் சீட்டு வாங்கக் கூடாது. உபயதாரர் பேர்கள் ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை.

கூட்டம் வராது என்பீர்கள். வராதுதான். முதல் வருஷம் நாற்காலியில் பாதி காலியாக இருக்கும். பிள்ளைகள் ஜெயண்ட் ராட்டினத்துக்கு ஓடிவிடும். "என்னங்க இது, ஆளுக்கொரு பக்கம் அடிக்கறாங்க" என்று யாராவது சத்தம் போடுவார், அநேகமாக என் பங்காளிகளில் ஒருவர். அந்தப் பாதி நாற்காலியில் அடுத்த ஊர்த் தவில்காரர் ஒருவர் சும்மா கேட்க வந்து உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அவரைக் கவனியுங்கள். அவர் கை தொடையில் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

பங்குனி நோம்பிக்குக் கமிட்டி கூடும் அன்று நானே வருகிறேன். முதல் உபயம் என் பேரில் ரசீது போட்டுக்கொள்ளலாம், ஃப்ளெக்ஸில் படம் வேண்டாம். மைக்செட்காரரிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்: எக்கோ வைக்க வேண்டாமுங்க.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்,
மேட்டுப்பாளையம்